மலைக் காணிக்கு முதல் டிராக்டர்: இரண்டு சில்லா, நான்கு சில்லா?

பொரலந்தை மகன்

வணக்கம். வெலிமடையை அடுத்த பொரலந்தைப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காணி இருக்கிறது. கீழே அரை ஏக்கர் வயல். அதில் பெரும்போகத்துக்கு நெல்லும் சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கும் போடுகிறோம். அதற்கு மேலே ஏறத்தாழ ஒரு ஏக்கர், கல் வரம்பு கட்டிய படிகளாக ஏறிப் போகிறது. அங்கே போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா. இதுவரை அப்பா கூலியாட்களை வைத்து மண்வெட்டியாலும் மண் கிளறும் இரும்பு முள்ளாலும் கொத்தியே எல்லாவற்றையும் சமாளித்தார். இப்போது அவருக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆட்களும் முன்புபோல் கிடைப்பதில்லை.

ஆறு வருடம் வெளிநாட்டில் உழைத்து மிச்சம் பிடித்த பணத்தில் முதல் இயந்திரத்தை வாங்க நினைக்கிறேன். ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கப்பட்ட, 20 குதிரைவலுவுக்குச் சற்று மேற்பட்ட நான்கு சில்லு மினி டிராக்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அப்பாவோ, கை டிராக்டரே போதும் என்கிறார். லொறி ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு, டிராக்டர் ஓட்டியதில்லை. அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தியத்தலாவைச் சாரதி

தம்பி, பணம் கையில் இருக்கும்போது நான்கு சில்லையே வாங்குங்கள். நம் ஊரில் பலர் இன்றும் லேண்ட்மாஸ்டர் என்றே சொல்லும் அந்தக் கை டிராக்டரை எல்லாரும் எளிய இயந்திரம் என்று நினைக்கிறார்கள். சமதரை வயலில் அது எளியதுதான். மலைப் பாதையில் பின்னால் பெட்டியை (டிரெய்லர்) கொளுவி ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

அதில் ஸ்டியரிங் இல்லை. இரண்டு கைப்பிடிகளுக்கும் கீழே ஒவ்வொரு கிளச் இருக்கிறது. சமதரையில் இடக் கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லுக்குப் போகும் வலு அறுந்து, வலச் சில்லு மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே இஞ்சின் சில்லுகளைத் தள்ளுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. பின்னாலிருந்து பெட்டிதான் தள்ளுகிறது. அப்போது இடக் கிளச்சைப் பிடித்தால், பிடியிலிருந்து விடுபட்ட இடச் சில்லு வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். பதினெட்டு வயதில் ஒரு தோட்டப் பாதையில் கோவா ஏற்றிய பெட்டியோடு இறங்கியபோது இதை நான் உடம்பால் கற்றேன். மலைச் சுவர்ப் பக்கம் திருப்ப நினைத்து இடக் கையை இறுக்கினேன்; வண்டி பள்ளத்தின் பக்கம் போனது. குதித்ததால் பிழைத்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சில்லு மேலே பார்த்தபடி அது கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான்கு சில்லும் இழுக்கும் மினி டிராக்டரில் ஏறும் கியரிலேயே இறங்கினால், இஞ்சினே நான்கு சில்லையும் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து ஓட்டலாம், கிழங்கு மூட்டைகளைத் தெருவுக்குக் கொண்டுபோகலாம், மருந்து அடிக்கும் பம்பையும் இயக்கலாம்.

ராகலைக் காணி

தம்பி, குதிரைவலுவைச் சொன்னீர்கள், காணியின் அளவைச் சொன்னீர்கள். படிகளின் அகலத்தைச் சொல்லவேயில்லை. மலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

கல் வரம்பின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே சில்லு நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: வரம்பு எவ்வளவு உயரமோ, குறைந்தது அவ்வளவு தூரம். நான்கு அடி வரம்பென்றால் விளிம்பிலிருந்து நான்கு அடி உள்ளே. எட்டு அடிப் படியில் அப்படி விட்டால் மிஞ்சுவது நான்கு அடி. மினி டிராக்டரின் அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான். உள்பக்கம் மேற்படியின் வரம்பும் தண்ணீர் ஓடும் கானும் இருக்கின்றன. பிறகு எங்கே திருப்புவது? ஐப்பசி மழையில் ஊறிய வரம்பு பார்வைக்கு உறுதியாகத்தான் நிற்கும். அரை தொன்னுக்கு மேல் எடை அதன் தோளில் ஏறும்போதுதான் உள்ளே கல் நகர்வது தெரியும். அது தெரியும் நேரத்தில் இறங்குவதற்கு அவகாசம் இருக்காது.

நான் ஏழு வருடமாக மண் கொத்தும் சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றைப் பாவிக்கிறேன். எடை 80 கிலோவுக்குள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பலகை போட்டு, நானும் மகளும் பிடித்து ஏற்றிவிடுவோம். ரொட்டவேட்டர் என்ற சுழலும் கத்தி பூட்டிய டீசல் கை டிராக்டர் 300 கிலோவைத் தாண்டும். அதை இப்படிக் கையாள முடியாது. சாரதி அண்ணன் சொன்ன இறக்கத்து ஆபத்து முழுவதும் உண்மை. ஆனால் அது பெட்டி கொளுவித் தெருவில் ஓட்டுவதால் வருவது. படியில் மண் கொத்துவதற்குப் பெட்டி எதற்கு?

பொரலந்தை மகன்

அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது. இன்று காலை அப்பாவும் நானும் நாடா பிடித்து அளந்தோம். மொத்தம் 14 படிகள். மிக அகலமானது 11 அடி. ஒன்பது படிகள் எட்டு அடிக்கும் குறைவு. வரம்புகள் மூன்றரை அடியிலிருந்து ஐந்து அடி வரை. தெருவிலிருந்து காணிக்கு இறங்கும் பாதை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வளைவில் 4 அடி 9 அங்குலம்தான். நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் மனதில் ஓடியது எனக்குப் புரிந்தது.

பண்டாரவளை கராஜ்

இருபது வருடமாக இரண்டு வகையையும் பழுது பார்க்கிறேன். எந்தப் பக்கமும் சாயாமல் சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலில் கவிழ்வது பற்றி. வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணத்தை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன: இரு சில்லுகளுக்கும் இடையிலான அகலத்தில் பாதி, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். சில்லுகளுக்கு இடையில் 36 அங்குலம், எடை மையம் 24 அங்குல உயரத்தில் என்று வையுங்கள். அசையாமல் நிற்கும்போது ஏறத்தாழ 37 பாகையில் கவிழும். அவ்வளவு சரிவில் யார் ஓட்டப் போகிறார்கள் என்று தோன்றும். 20 பாகைச் சரிவில் குறுக்கே போகும்போது மேல் சில்லு ஆறு அங்குலக் கல்லொன்றில் ஏறி, கீழ்ச் சில்லு ஈர மண்ணில் மூன்று அங்குலம் புதைந்தால், அந்த ஒரு கணத்தில் மேலும் 14 பாகை சேர்கிறது. மொத்தம் 34. வேகத்தின் குலுக்கலை நான் இன்னும் சேர்க்கவில்லை. முன்னால் தண்ணீர்த் தாங்கியோ பின்னால் உயர்த்திப் பிடித்த ரொட்டவேட்டரோ இருந்தால் எடை மையமும் மேலே போய்விடும்.

அதனால் நான்கு சில்லு வாங்கினால், ஓட்டுநரின் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகம் உள்ளதையே வாங்குங்கள். அதோடு இருக்கைப் பட்டியையும் கட்டுங்கள். சுவீடன் புதிய டிராக்டர்களுக்கு 1959ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே இறக்கப்படும் பழைய ஜப்பானிய மினி டிராக்டர்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. சட்டகம் இல்லாத வண்டியில் பட்டி கட்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். கவிழ்ந்தால் அது உங்களை வண்டிக்கு அடியிலேயே பிடித்து வைத்துவிடும்.

இரண்டாவது, வலு. காற்றுத் தள்ளி (டர்போ) இல்லாத சாதாரண இஞ்சின், 1000 அடி ஏற ஏற ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். நுவரெலியா நகரம் 6000 அடிக்கு மேலே இருக்கிறது. 12 குதிரைவலு என்று எழுதிய கை டிராக்டர் அங்கே பத்துக்குக் குறைவாகவே தரும். பொரலந்தை அதைவிடத் தாழ்வு என்றாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் உண்டு. இறக்கத்தில் இறங்கும்போது இஞ்சின் தடுத்துப் பிடிக்கும் சக்தியும் சிறிது குறையும்.

மூன்றாவது, பாவித்த வண்டி. மணிக்கணக்குக் கடிகாரத்தை நம்பாதீர்கள். அதை மாற்றுவது பத்து நிமிட வேலை. கிளச் மிதியின் இறப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தால், கடிகாரம் என்ன சொன்னாலும் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள். முன் அச்சின் இரு முனைகளிலும் சில்லுக்கு உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே உதிரிப்பாகத்தைப் பற்றிப் பேசுங்கள். நெம்புகோல்களுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்துத்தான் இருக்கும். எது ரொட்டவேட்டரின் வேகம், எது வண்டியின் வேகம் என்று தெரிந்தவரிடம் கேட்டு, தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். பின்னால் வண்டியை எடுக்கப்போவது உங்கள் தம்பியாக இருக்கலாம்.

தியத்தலாவைச் சாரதி

அளவுகளைப் பார்த்த பிறகு, ஒன்பது குறுகிய படிகளில் மினி டிராக்டர் ஏறாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படி குறுகியது என்பது கடவுள் விதித்தது அல்ல. இரண்டு படிகளை ஒன்றாக்கி வரம்பை உடைத்தால் பதினாறு அடி கிடைக்கும். எங்கள் பக்கத்தில் சிலர் அப்படிச் செய்து, இன்று நிம்மதியாக ஓட்டுகிறார்கள்.

ராகலைக் காணி

அண்ணா, இந்த ஒரு யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். நான்கு அடி வித்தியாசமுள்ள இரண்டு படிகளை ஒன்றாக்கினால், ஒன்றில் அந்த நிலம் முழுவதும் சரிவாகும், இல்லாவிட்டால் எட்டு அடி வரம்பு ஒன்று கட்ட வேண்டிவரும். சரிவாகவே விட்டால் முதல் பெருமழையிலேயே மேல்மண் போய்விடும். எங்கே போகிறது என்பதும் தெரிந்ததுதான்: உமா ஓயாவில் இறங்கி, ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படிகிறது. மண் பாதுகாப்புக்கென்று இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டது மலையின் இந்த நிலையைப் பார்த்துத்தான். அந்த வரம்புகளைத் தம்பியின் தாத்தா காலத்தவர்கள் ஒவ்வொரு கல்லாகத் தோளில் சுமந்து கட்டியிருப்பார்கள். இயந்திரத்துக்காக அவற்றை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது. இயந்திரத்தைத்தான் வரம்புக்கு ஏற்பத் தேட வேண்டும்.

ரொட்டவேட்டர் பற்றியும் ஒரு சொல். மண் மாவாகும்வரை இரண்டு முறை, மூன்று முறை ஓட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மாவான மண்தான் முதலில் கரைந்து ஓடும். ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் சுழலும் கத்தி, அதற்குக் கீழே ஒரு கடினமான தட்டையும் உண்டாக்கிவிடும். கரட் நேராக இறங்காமல் இரண்டாகப் பிளந்து வந்தால் அந்தத் தட்டையும் சந்தேகியுங்கள். ஒரே முறை ஓட்டி, கட்டிகளைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முள்ளால் ஆழமாகக் கிளறுங்கள்.

தியத்தலாவைச் சாரதி

வரம்பு பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை, அக்கா, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கீழ் வயலும் விளைச்சலும் என்னாவது? 80 கிலோ இயந்திரம் சேற்று வயலில் பயன்படாது. வாடகை டிராக்டரால் உழலாம் என்றால், மழை விழுந்த அதே வாரத்தில் ஊரே ஒரு டிராக்டருக்காகக் காத்திருக்கும். சொந்த வண்டி இல்லாதவரின் முறை கடைசியில்தான் வரும். ஐம்பது கிலோ மூட்டைகளை அந்த வளைவுப் பாதையில் யார் தோளில் சுமப்பது? முழங்கால் வலியோடு இருக்கும் அப்பாவா?

பண்டாரவளை கராஜ்

சாரதி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த 4 அடி 9 அங்குல வளைவில் பெட்டியோடு எந்த வண்டியும் பாதுகாப்பாக இறங்காது. மூட்டை பாதைக்குரிய பிரச்சினை. அதற்காக டிராக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த வளைவை அகலமாக்கக் கல்லும் சீமெந்தும் வாங்கினால், பின்னால் எந்த வண்டி வந்தாலும் உதவும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: படிகளுக்குச் சிறிய பெட்ரோல் இயந்திரம், வயலுக்கு ஏழு குதிரைவலுவுக்குப் பக்கத்தில் ஒரு பாரமில்லாத கை டிராக்டர், இரும்புச் சில்லோடு, பெட்டி இல்லாமல். இரண்டையும் ஒரே போகத்தில் வாங்க வேண்டியதில்லை. கை டிராக்டர் எடுத்தால் ஜி1 வகுப்பு அனுமதிப்பத்திரமும், பிறகு நான்கு சில்லு எடுத்தால் ஜி வகுப்பும் தேவை. லொறி அனுமதிப்பத்திரம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களை நினைத்துப் பார்த்தால், சிறிய இஞ்சின் இன்னொரு வகையிலும் ஆறுதல்.

பொரலந்தை மகன்

எல்லாருக்கும் நன்றி. மினி டிராக்டர் வேண்டாம் என்று விற்பனையாளருக்கு இன்று சொல்லிவிட்டேன். சிறிய இயந்திரம் ஒன்றைச் சனிக்கிழமை காணிக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். மிகக் குறுகிய ஒன்பதாம் படியில் ஓட்டச் சொல்லப் போகிறேன். முதலில் கைப்பிடியைத் தானே பிடிப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். வயலுக்கு இந்தப் போகமும் வாடகை டிராக்டர்தான். முறை கடைசியில்தான் வரும் என்ற சாரதி அண்ணனின் எச்சரிக்கை மனதில் இருக்கிறது, அதனால் எங்கள் முறைக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தியத்தலாவைச் சாரதி

நான் இன்னும் நான்கு சில்லுக்காரன்தான், தம்பி. ஆனாலும் சனிக்கிழமைக்கு இரண்டு விடயம் சொல்கிறேன். காய்ந்த மண்ணில் ஓட்டிக் காட்டினால் திருப்திப்படாதீர்கள். முதல் நாள் மாலையே அந்தப் படியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள். பின் கியரில் போகும்போது கத்தி தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அதை அப்பாவின் கையில் கொடுக்காதீர்கள். பின்னால் வரம்புச் சுவர், முன்னால் சுழலும் கத்தி, அந்த முழங்காலோடு அவரால் விலக முடியாது.