மணல் நிரப்பிய எண்ணெய்த் தொட்டி: விடலாமா, தோண்டலாமா?

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியில் 1950களில் கட்டிய ஒரு வீட்டைப் பேசி முடித்திருக்கிறோம். இப்போது கேஸ் ஹீட்டிங்தான். ஆனால் பேஸ்மென்ட் சுவரில் வெட்டி நசுக்கிய இரண்டு செம்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய ஆயில் ஹீட்டிங் குழாய்களோ என்று சந்தேகப்பட்டு டேங்க் ஸ்வீப் (மண்ணுக்கு அடியில் டேங்க் இருக்கிறதா என்று கருவி வைத்துத் தேடுவது) எடுத்தால், முன்வாசல் புல்லுக்கு அடியில் 550 காலன் ஆயில் டேங்க்! "எப்போதோ சுத்தம் செய்து மணல் போட்டாயிற்று, டவுன்ஷிப் பெர்மிட் இருக்கிறது" என்கிறார் விற்பவர். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
விட்டுவிடுங்கள். பெர்மிட் வாங்கி டேங்க்கை மண்ணுக்குள்ளேயே விட்டு மூடுவதும் சட்டம் ஒப்புக்கொண்ட வழிதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும். மண்ணில் எண்ணெய் இருந்துவிட்டால் டிஇபி (மாநிலச் சுற்றுச்சூழல் துறை) வரைக்கும் போகும், குளோசிங் (பணம் கொடுத்துப் பத்திரம் மாற்றும் நாள்) தள்ளிப்போகும்.

சாந்தி_நியூஜெர்சி:
அண்ணா, கெட்டது சங்கு ஊதியதாலா, எண்ணெய் கசிந்ததாலா? பெர்மிட் சொல்வது டேங்க் காலி, மணல் போட்டாயிற்று என்பதை. அடி மண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. எங்கள் டேங்க்கை வெளியே எடுத்தபோது மேல்பக்கம் பெயிண்ட்கூட உரியவில்லை. புரட்டிப் போட்டால் அடியில் அரித்துத் துளைத் துளையாக இருந்தது. குழியில் குப்பென்று டீசல் வாடை. இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, அதற்கு டேங்க்கைப் பிடுங்குவானேன்? பக்கத்தில் துளை போட்டு அடிமட்ட மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்பினால் போதுமே.

சாந்தி_நியூஜெர்சி:
நாளைக்கு இவர் விற்கும்போதும் இதே கேள்வி வரும். அப்போதும் துளை போடுவாரா?

மண்வெட்டி:
இந்த வேலைக்குச் சில வருடம் போனவன் என்பதால் சொல்கிறேன். எடுப்பதென்றால் கான்ட்ராக்டரைப் பார்த்து எடுங்கள். குறைந்த ரேட் சொல்பவர் பெரும்பாலும் இரும்பைத் தூக்குவதற்கு மட்டும்தான் சொல்கிறார். அடியில் தங்கிய கசடு, நனைந்த மணல், குழியை நிரப்பும் மண், எல்லாவற்றுக்கும் தனி பில் வரும். கெட்ட மண் டன்னுக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். டிஇபி சான்றிதழ் இருக்கிறதா, பெர்மிட் யார் எடுப்பது, 811-க்கு (தோண்டுமுன் நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லி அழைக்கும் எண்) யார் சொல்வது என்றும் கேளுங்கள். ஒரு வீட்டில் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எங்கள் முதலாளி குழியை மூடச் சொன்னார். மறுநாள் அதே குழியைத் திரும்பத் தோண்டினோம். கூலி வீட்டுக்காரர் தலையில்.

இன்னொன்று: தோண்டுகிறவரையே மண்ணைச் சோதிக்கவும் விடாதீர்கள். அழுக்கு மண் எவ்வளவு அதிகமோ, அவருக்கு அவ்வளவு லாபம்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு கம்பெனி வைத்தால் அவன் இவனைச் சொல்வான், இவன் அவனைச் சொல்வான். நடுவில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

சாந்தி_நியூஜெர்சி:
அதற்குத்தான் கான்ட்ராக்ட் விற்பவர் பெயரில், குளோசிங்குக்கு முன்னால் நடக்க வேண்டும். பத்திரம் உங்கள் பெயருக்கு மாறியபின் மண்ணும் உங்களுடையதுதானே.

எடிசன்வாசி:
அட்டர்னி மூலம் கேட்டதில், மணல் போட்டவரின் பழைய ரசீது வந்தது. மண் சோதனை பற்றி ஒரு வரி இல்லை. எடுத்துவிடுவதாக முடிவு. செலவு விற்பவருடையது, லேப் மட்டும் எங்கள் ஆள். பெர்மிட்டுக்கு மனு போட்டாயிற்று. கணக்குப்பிள்ளை அண்ணா, கோபம் வேண்டாம், குளோசிங் தள்ளித்தான் போகிறது.