104 கிலோ, முட்டிவலி, இரவு ஷிப்ட்: ஜிம்மை எங்கிருந்து தொடங்குவது?

சிப்புட்காரன் கேட்டது:

வணக்கம். ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ, இடுப்பு 112 செ.மீ. ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். நாலு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு, பகலும் இரவும் மாறி மாறி வரும். ஓடினால் இடது முட்டி வலிக்குது. அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கு. டவுனில் கடைவீட்டு மாடியில் சின்ன ஜிம் ஒன்று இருக்கு, சேரலாம்னு முடிவு பண்ணியாச்சு.

முதலில் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் பளு தூக்கணுமா? சோற்றை அடியோடு விடணுமா? பிளாஸ்டிக் வியர்வைச் சட்டை போட்டு நடந்தால் தொப்பை குறையுமா?

இரும்புத்தட்டு:

தம்பி, முடிவு பண்ணினதே நல்லது. முதல் நாளிலிருந்தே பளு தூக்குங்க. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். பளு தூக்கும்போது "இந்தத் தசை எனக்கு வேணும்"னு உடம்புக்குத் தெரியும், கரைவதில் பெரும்பங்கு கொழுப்பா இருக்கும்.

ஜிம்முக்குப் பணம் கட்டும் முன்னாடி அரசாங்க கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துடுங்க. பதிவுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டினாலே கவனிக்கணும், வீட்டில் இனிப்பு நீர் வேற இருக்கு. நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ தலை சுற்றினாலோ டாக்டர் சரின்னு சொல்லும்வரை பளுவைத் தொட வேண்டாம்.

ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல ரெண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். 104 கிலோவுக்கு அது என்ன கணக்குன்னு பாருங்க. வேகநடை போதும். 400 மீட்டர் திடல்னா ஏழரைச் சுற்று, 3 கிலோமீட்டர்.

பயிற்சியை ரெண்டாகப் பிரிச்சுக்குங்க. முதல் நாள்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து பெஞ்சில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், நெஞ்சிலிருந்து பளுவைத் தள்ளும் செஸ்ட் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் ரோ, முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க். அடுத்த பயிற்சி நாள்: முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் ரோமேனியன் டெட்லிஃப்ட், தோளிலிருந்து மேலே தூக்கும் டம்பெல் ஷோல்டர் பிரஸ், மேலிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுக்கும் லாட் புல்டவுன், ரெண்டு கையிலும் டம்பெல்லோடு 30 மீட்டர் நடை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் ரெண்டு வாரம் எல்லாமே 2 செட், அப்புறம் 3. ஒரு செட்டுக்கு 8 முதல் 12 முறை. நிறுத்தும்போது இன்னும் ரெண்டு முறை தூக்கத் தெம்பு மிச்சம் இருக்கணும். செட்டுக்கு நடுவில் ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்குங்க. மூன்று செட்டிலும் 12 வந்துட்டா அடுத்த முறை 2.5 கிலோ மட்டும் ஏற்றுங்க. எண்ணிக்கை 8, 9-க்கு இறங்கும், அது சரிதான்.

இனி ஸ்குவாட். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். குதிகால் தரையை விட்டு எழும், முட்டி உள்பக்கம் மடியும், கடைசியில் "ஸ்குவாட் செய்தால் முட்டி போயிடும்"னு பேச்சு வரும். முட்டியை மடக்கும் முன்னாடி பின்புறத்தைப் பின்னால் தள்ளி நாற்காலியைத் தேடுவது போல இறங்குங்க. பாதத்தை இலேசா வெளிப்பக்கம் திருப்பி, முட்டி அதே திசையில் போகட்டும். பெஞ்ச் உயரத்திலேயே வலித்தால் மேலே ரெண்டு எடைத் தட்டைப் போட்டு உயர்த்திக்குங்க. வாராவாரம் ஒரு தட்டை எடுத்துடலாம். லெக் பிரஸ் (சாய்ந்து உட்கார்ந்து காலால் பளுவைத் தள்ளும் மிஷின்) செய்தால் இடுப்பு மெத்தையை விட்டுக் கிளம்பும் ஆழத்துக்குப் போகாதீங்க, அந்தப் பாரம் நேரா கீழ்முதுகில் இறங்கும்.

வியர்வைச் சட்டையில் குறைவது தண்ணீர் எடை, ரெண்டு கிளாஸ் குடித்தா திரும்பிடும். நம்ம ஊர் வெயிலில் அதைப் போட்டு நடந்தால் மயக்கம் வரும். தயவுசெய்து வாங்க வேண்டாம்.

சமையல்கட்டு அக்கா:

தம்பி, சோற்றை விட வேண்டாம். அளவை மாற்றணும்.

நம்ம தட்டு தோட்டத்துத் தட்டு. இருட்டோடு எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்து பால்மரம் (ரப்பர்) சீவினவங்களுக்கும், வெயிலில் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளினவங்களுக்கும் போட்ட சோறு அது. அந்த வேலையே அதை எரித்துவிட்டது. இப்போ நின்று மிஷின் பார்க்கிற வேலை, தட்டு மட்டும் அப்படியே இருக்கு.

வேகவைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி. குவித்த தட்டு 350 கிராம்கூட வரும். 150 கிராமாகக் குறைங்க, ஒரு வாரம் தராசில் வைத்தால் கண்ணே பழகிடும். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு மலாயில் "சுக்கு சுக்கு செபாரோ" (கால், கால், பாதி)ன்னு சொல்றதும் இதைத்தான்.

ஆனால் சோற்றுக்கு முன்னாடி தே தாரிக்கை, அதாவது கெட்டிப் பால் போட்டு இழுத்த டீயைப் பாருங்க. ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் பாலில் சுமார் 60 கலோரி. கிளாசுக்கு மூன்று கரண்டி, நாளைக்கு மூன்று கிளாஸ்னா 540. அரை கிலோ கொழுப்பு வாரத்தில் குறைய நாளுக்கு 500 கலோரி குறைத்தால் போதும். அது முழுக்க இந்தக் கிளாசிலேயே இருக்கு! கடையில் "தே ஓ கோசோங்" (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ)னு கேளுங்க. ஒரேயடியா முடியலன்னா ரெண்டு வாரம் "கூராங் மானிஸ்" (இனிப்பு குறைவு), அப்புறம் கோசோங்.

புரதம் நாளைக்கு 110, 120 கிராம் வேணும். மூன்று முட்டை 18, வேகவைத்த கோழி நெஞ்சு 150 கிராமில் 45, கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) 150 கிராமில் 30-க்கு மேல், தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் 18. பவுடர் இல்லாமலே வந்துடுது. தெம்பேயை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல், தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வாட்டுங்க. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி.

இன்னொன்று, முக்கியமானது. அம்மா இன்சுலினோ இனிப்பு நீர் மாத்திரையோ எடுத்தால், உங்களோடு சேர்த்து அவங்க சோற்றையும் திடீர்னு குறைக்காதீங்க. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் மருந்தளவைப் பேசிட்டு மாற்றுங்க.

சிப்புட்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. தே தாரிக் கணக்கு இப்பத்தான் புரியுது. இரவு ஷிப்ட் வாரத்தில் ஜிம் எப்போ போறது? எடை நின்றுட்டா என்ன செய்யணும்?

மாலைமணி ஐந்து:

கிழமை பார்த்துப் போனால் உங்க ஷிப்டில் ரெண்டே வாரத்தில் அட்டவணை உடையும். "திங்கள், புதன்"னு வைக்காமல், போன பயிற்சிக்குப் பிறகு மூன்றாம் நாள்னு எண்ணுங்க. இரவு வேலை நாளில் தூங்கி எழுந்து மாலை 5 மணிக்கு 45 நிமிஷம் செய்துட்டு வேலைக்குப் போங்க. காலையில் ஷிப்ட் முடிந்த கையோடு போக வேண்டாம். கவனம் சிதறிக் கிடக்கும்போதுதான் முதுகு பிடிக்கும்.

பெரிய சாப்பாடு வேலைக்குக் கிளம்பும் முன். நடு இரவுக்கு ரெண்டு அவித்த முட்டை, ஒரு கொய்யா, தண்ணீர் போத்தல் கொண்டுபோங்க. மிஷின் பக்கத்தில் இருக்கும் 3-இன்-1 காபிப் பாக்கெட்டுகள்தான் (சர்க்கரையும் கிரீமரும் கலந்தது) இரவு ஷிப்டின் தொப்பை. வீடு வந்ததும் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி 7 மணி நேரம் தூங்குங்க. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி அடங்காது.

எடையை எழுந்ததும் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் பாருங்க. வாரம் மூன்று முறை எழுதி சராசரி எடுங்க. முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ரெண்டாம் வாரம் வேகம் குறைந்ததும் மனசு விடாதீங்க, நிறைய பேர் விட்டுப்போவது அங்கேதான். கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது உப்பு பிடித்து வைத்த நீர். மூன்று வார சராசரியும் இடுப்பளவும் அசையலன்னா மட்டும் சோற்றில் ஒரு கரண்டி குறைங்க, இல்லாட்டி நடையில் 15 நிமிஷம் கூட்டுங்க. ரெண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீங்க, எது வேலை செய்ததுன்னே தெரியாமப் போயிடும்.