மச்சில் இருந்த துப்பாக்கி

பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்காக, உரிமம் பெற்று என் தந்தையார் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி, பல ஆண்டுகளாக எங்கள் வீட்டு மச்சில் கோணிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது, வழக்கம்போல் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தோம்.

அந்த ஏப்ரலில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்திருந்த என் தங்கையின் ஆறு வயது மகன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தந்தையாரிடம், "தாத்தா, மேல சாக்குக்குள்ள இருந்த துப்பாக்கி எங்க?" என்று கேட்டான். அவனுக்கு அதை யாரும் காட்டியதே இல்லை. பிசைந்த சோறு கையில் இருக்க அவர் பேச்சற்றிருந்தபோது, "தோட்டா மட்டும் குதிருக்குள்ள இருக்கு" என்று அவனே தொடர்ந்தான். முந்தைய விடுமுறையில் கண்ணாமூச்சி ஆடும்போது ஏணியில் ஏறி ஒளிந்திருக்கிறான். அந்த ஏணியை அங்கே சாய்த்து வைத்தவன் நான்தான்.

இரவுக் காவல் முடிந்து விடியலில் திரும்பும்போது, குழலை மடித்துத் தோட்டாக்களை எடுத்தேனா என்பது தமக்கே சில நாள் நினைவிருக்காது என்று தந்தையார் அன்றிரவு என்னிடம் மட்டும் சொன்னார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு துப்பாக்கியைத் திரும்பப் பெறுவதற்குள், சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்து வைத்தோம். குழல், முன்கட்டை, விசையுள்ள பின்கட்டை என மூன்றாகக் கழன்றுவிடும் துப்பாக்கி அது என்பதால், குழலை மட்டும் அப்பெட்டியிலும் மற்றவற்றைப் பீரோவிலும் பூட்டுகிறோம். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. சாவிகள் தந்தையாரின் இடுப்பு வாரை விட்டு இறங்குவதில்லை. பூட்டைத் திறந்து மாட்டி முடிப்பதற்குள் பன்றி பாதி வயலைத் தின்றுவிடும் என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேலி செய்தார். காவலுக்குக் கிளம்பும் முன்பே மாட்டிக்கொள்வதால் அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

உறவினர் ஒருவரிடம் உள்ள ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கிதான் இப்போது என்னை உறுத்துகிறது. குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கிட்டிக்கும் வகை என்பதால், சுடாமல் திரும்பினால் அவற்றை வெளியே எடுப்பது பெரும்பாடு. ஆகவே மருந்தைப் பற்றவைக்கும் 'கேப்பு' என்ற சிறு மூடியை மட்டும் எடுத்துவிட்டுக் கிட்டித்தபடியே கதவு மூலையில் சாய்த்துவிடுகிறார். கேப்பு டப்பாவோ அதே கதவுக்கு மேலுள்ள மாடத்தில்தான் இருக்கிறது. தம் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை என்பது அவர் வாதம். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.