நல்லம்மா பேரப்பிள்ளைகள்: புதூர் வீட்டு நோட்டீஸ்

செல்வி அத்தை: புதூர் வீட்டுக்கு வரி நோட்டீஸ் வந்திருக்கு. பூரா இங்கிலீசு. டிஸ்ட்ரெஸ் டிஸ்ட்ரெஸ்னு போட்டிருக்காய்ங்க. யாருக்கு மனக்கஷ்டம்?

பாண்டி: எங்களுக்குத்தான் அத்தை 😂

செல்வி அத்தை: 📷

கார்த்தி: உங்க விரல்தான் தெரியுது

ராமர் பெரியப்பா: மனக்கஷ்டம் இல்ல செல்வி, ஜப்தி. பாக்கிக்காக டிவி, பைக்கு மாதிரி ஜங்கமச் சொத்தை எடுத்து வைக்கிறதுக்குச் சட்டத்துல அதான் பேரு. லத்தீன்ல டிஸ்டிரிங்கேரேன்னா இழுத்து இறுக்குறது. பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்துச்சு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல குத்தகை பாக்கின்னா மாட்டைப் பிடிச்சு அடைப்பாய்ங்க. அப்ப அடைக்கத்தான் முடிஞ்சுச்சு, விக்க முடியல. விக்க வழி விட்டது 1689 சட்டம்தான்.

மீனா: மேயுற மாட்டைப் பிடிச்சு அடைக்கிற பவுண்டு மாதிரியா பெரியப்பா

ராமர் பெரியப்பா: அதே வகைதான். நம்ம 1871 சட்டத்துல, வெள்ளாமையில மேஞ்ச மாட்டைப் பிடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள பவுண்டுக்கு அனுப்பணும். டிஸ்ட்ரிக்ட்டுக்கும் இதே வேர்தான். ஒரு பிரபு எந்த எல்லைக்குள்ள இப்படி இறுக்கலாமோ அது டிஸ்ட்ரிக்ட்.

பாண்டி: அப்ப மதுரை டிஸ்ட்ரிக்ட்டே டிஸ்ட்ரெஸ்தான்

கார்த்தி: டிஸ்ட்ரெஸ் சேல்னு வீட்டு விளம்பரம் வருதே?

ராமர் பெரியப்பா: அது பணமுடையில வந்த விலைக்குத் தள்ளிவிடுறது. ஜப்தி ஏலம் வேற.

செல்வி அத்தை: அண்ணே என் தாலியைத் தொடுவாய்ங்களா??

ராமர் பெரியப்பா: கோர்ட் ஜப்தின்னா சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு இருக்கு. உடுத்துற துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி எதையும் தொடக்கூடாது. விவசாயிக்கு உழவு மாடு, விதைநெல்லும் சேத்தி. இது வரி பாக்கி, வேற சட்டம். மேல எந்தப் பிரிவு போட்டிருக்குன்னு பாரு. நோட்டீஸா வாரண்டான்னு பாரு. நோட்டீஸ்னா கட்ட இன்னும் நாள் இருக்கு. வரிவிதிப்பு எண், எந்தெந்த அரையாண்டு பாக்கி, ரெண்டையும் பழைய ரசீதோட ஒத்துப் பாரு. வேற எண்ணுல கட்டியிருந்தா இங்க பாக்கியாவே நிக்கும்.

செல்வி அத்தை: ரசீதெல்லாம் கணேசன்கிட்ட

பாண்டி: வாடகையும்

மீனா: பாண்டி சும்மா இரு

செல்வி அத்தை: அவன் சொன்னதுல என்ன தப்பு. வாடகை வாங்குறவன் கட்டட்டும்

கணேசன் சித்தப்பா: மோட்டார் ரிப்பேர் யார் காசு? அதையும் கேளுங்க

ராமர் பெரியப்பா: முதல்ல கட்டுங்கப்பா. பங்கை அப்புறம் பேசலாம்.

கணேசன் சித்தப்பா: 👍

செல்வி அத்தை: கட்டை விரலுக்கு என்னடா அர்த்தம், கட்டுறியா இல்லையா?

மீனா: வளைகாப்புக்குப் பச்சைச் சேலையா மாம்பழக் கலரா? கடைல நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க