போட்டோ, வீடியோ எல்லாவற்றுக்கும் பின்னால் நான்கு எழுத்து ஒட்டியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. உதவி தேவை

முகூர்த்தநாள்:

வணக்கம். கும்பகோணம் பக்கம் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறோம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து ஆர்டர்கள்தான் பிழைப்பு. நேற்று சாயங்காலம் முதல் எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோகூட திறக்கவில்லை. விண்டோஸ் 10. ஃபைல்களின் பெயர் பழையபடிதான் இருக்கிறது. ஆனால் ஜேபெக் என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளியும், அர்த்தமே இல்லாத நான்கு ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. அந்த நான்கு எழுத்தை அழித்துப் பார்த்தேன், அப்போதும் திறக்கவில்லை. வீடியோ, ஆல்பம் டிசைன், பில் போடும் எக்செல் எல்லாம் இதே கதி.

எல்லா ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கிறது. 980 டாலர் கட்டினால் திறந்து தருவார்களாம், 72 மணி நேரத்துக்குள் மெயில் போட்டால் பாதி விலை, 490.

விண்டோஸ் நன்றாகவே ஓடுகிறது. பிரவுசரும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்கள் மட்டும் வரமாட்டேன் என்கின்றன. நேற்று மதியம் விண்டோஸ் அப்டேட் என்று ஒரு பெட்டி வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. பேக்கப் எடுத்து வைத்த 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் அப்போது மாட்டியிருந்தது. அதிலும் அதே நான்கு எழுத்து.

மூன்று கல்யாண வீடுகளுக்கு இன்னும் டெலிவரி கொடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா?

பழைய அட்மின்:

சகோதரி, தயவுசெய்து ஃபார்மேட் அடிக்க விடாதீர்கள். வைரஸ் போய்விடும், ஃபைல்கள் திரும்பாது. இன்று கெட்டுக் கிடக்கும் அந்த ஃபைல்கள்தான் உங்களுக்கு மிச்சம், அவையும் போய்விடும்.

முதல் வேலையாக நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றுங்கள். புதிதாக எந்தப் பென்டிரைவும் அதில் செருக வேண்டாம். இந்த வைரஸ் நிரல் சாதாரணமாக, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துகொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து வரும். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் பூட்டிவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஸ்டாப் அல்லது டிஜாவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்) குடும்பத்துக்குப் பொருந்துகின்றன. நான்கு எழுத்து வால், ரீட்மீ கடிதம், 980, 490, 72 மணி நேரம், எல்லாமே அதன் முத்திரை. அந்த அப்டேட் பெட்டி போலி. பின்னால் டிஸ்க் ஓடும் சத்தம் கேட்டால் நீங்கள் சந்தேகப்படாமல் இருக்கத்தான் அதைக் காட்டுகிறது. ஆன்டிவைரஸ் தளங்கள் திறக்காததற்குக் காரணம், எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் முதலில் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அது அந்தத் தளங்களின் பெயரை எழுதித் தடுத்து வைத்திருப்பது. விண்டோஸை மட்டும் விட்டுவைத்ததும் திட்டமிட்டுத்தான். சிஸ்டம் ஓடினால்தானே அவர்கள் கடிதத்தை நீங்கள் படிக்க முடியும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பர்சனல்ஐடி என்ற டெக்ஸ்ட் ஃபைல். அதில் இருக்கும் நீளமான எழுத்து வரிசை எப்படி முடிகிறது? அப்புறம், அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக என்ன இறக்கினீர்கள்?

மதுரைக்காரன்:

அக்கா, எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டி வாங்கிவிட்டார். கல்யாண போட்டோ திரும்ப எடுக்கவா முடியும்? 72 மணி நேரத்துக்குள் பேசிப் பாருங்கள்.

முகூர்த்தநாள்:

எங்களிடம் வேலை பார்க்கும் தம்பி ஆல்பம் டிசைனுக்கு ஒரு பிளக்இன்னின் கிராக், அதாவது காசு கட்டாமல் ஓட்டும் திருட்டுப் பதிப்பு, இறக்கியிருக்கிறான். பாஸ்வேர்டு போட்ட ஜிப். திறப்பதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அதிலேயே எழுதியிருந்ததாம், அணைத்திருக்கிறான். அவனைத் திட்டி என்ன பயன், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஐடி கடைசியில் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன, இங்கே போட்டிருக்கிறேன். எப்படி முடிய வேண்டும்?

பழைய அட்மின்:

கடைசி இரண்டு இடத்தில் சின்ன டி (t), அடுத்து 1 என்று இருந்தால் நல்ல செய்தியாக இருந்திருக்கும். உங்களுடையது அப்படி முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இது புரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

இந்த நிரல் ஓடத் தொடங்கியதும் தன் முதலாளியின் சர்வரைத் தேடும். சர்வர் கிடைத்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே தனிச் சாவி வரும், அது ஆன்லைன் ஐடி. சர்வர் கிடைக்காவிட்டால் தனக்குள் பொதிந்து வைத்த பொதுச் சாவியைப் போடும், அது ஆஃப்லைன் ஐடி, டி1 என்று முடியும். பொதுச் சாவி அந்த வகையில் மாட்டிய எல்லாருக்கும் ஒன்றுதான். யாராவது ஒருவருக்குக் கிடைத்து அது ஆய்வாளர்கள் கைக்கு வந்தால் மற்றவர்களுக்கும் திறக்கும். எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019 அக்டோபரில் இலவசமாக வெளியிட்ட டிக்ரிப்டர் (பூட்டைத் திறக்கும் நிரல்) இப்படித்தான் வேலை செய்கிறது. பழைய வகைகளுக்கு வேறு வழியும் அதில் இருந்தது. 2019 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்த வகைகளில் ஆன்லைன் ஐடி என்றால் அதனால் திறக்க முடியாது.

பூட்டும் முறையைச் சொன்னால் காரணம் விளங்கும். ஃபைலைச் சால்சா20 என்ற முறையில் பூட்டி, அந்தச் சாவியை ஆர்எஸ்ஏ 2048 முறையில் இன்னொரு தடவை பூட்டுகிறார்கள். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் திண்டுக்கல் பூட்டு மாதிரி, பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், திறக்கத்தான் வேண்டும். திறக்கும் சாவி அவர்களிடம் மட்டும். எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

மதுரைத் தம்பிக்கு: பணம் கட்டியவர்களில் சிலருக்குச் சாவி வந்தது உண்மை. வராதவர்களும் உண்டு. கட்டுகிற ஒவ்வொரு டாலரும் அடுத்த ஸ்டுடியோவைப் பிடிக்கத்தான் போகும். அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்னொன்று, கண்ணில் படும் டிக்ரிப்டரை எல்லாம் இறக்க வேண்டாம். 2020 ஜூனில் ஸ்டாப் டிக்ரிப்டர் என்ற பெயரிலேயே ஒன்று வந்தது. அது சோராப் என்ற இன்னொரு ரான்சம்வேர். ஏற்கெனவே பூட்டிய ஃபைலின் மேல் இரண்டாவது பூட்டுப் போட்டது. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் எல்லாம் சேர்ந்து 2016ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்துக்கு வேறு கம்ப்யூட்டரிலிருந்து போங்கள், அங்கே இருப்பதை நம்பலாம்.

வட்டு வைத்தியர்:

இழையை இப்போதுதான் பார்த்தேன். சகோதரி, வீடியோக்களை நினைத்து இப்போதே மனம் விட வேண்டாம்.

இந்தக் குடும்பம் ஃபைல் முழுவதையும் பூட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான ஃபைல்களை நீங்கள் கவனிப்பதற்குள் முடிக்க வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றிலும் முதல் 150 கேபியை மட்டும் பூட்டிவிட்டு நகரும். ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் நேரிலேயே பார்க்கலாம். மேலே வெறும் குழப்பம், 1,53,600வது பைட்டைத் தாண்டியதும் உங்கள் பழைய வீடியோ அப்படியே கிடக்கும். கடைசியில் சின்னதாக ஒரு வால், அதில் உங்கள் ஐடி.

இப்போது கணக்குப் போடுங்கள். எக்செல் பில் 40 கேபி, முழுக்கப் போச்சு. 4 ஜிபி முகூர்த்த வீடியோவில் 150 கேபி என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் எம்பி4 ஃபைலை எப்படி வாசிக்க வேண்டும் என்ற விவரம் கெட்டிருந்தால் பிளேயர் திறக்காது. அதை அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் காட்டிச் சரிசெய்யலாம். டிஸ்க்டூனாவின் மீடியா ரிப்பேர் என்ற இலவச நிரல் இதற்காகவே இருக்கிறது. புதிதாக இரண்டு நிமிடம் எதையாவது படம் பிடித்து மாதிரியாகக் கொடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் போகும், மற்றது வரும்.

பல போட்டோக்களைச் சேர்த்துப் போட்ட பெரிய ஜிப் இருந்தால், நான்கு எழுத்து வாலை நீக்கி செவன்ஜிப்பில் திறந்து பாருங்கள். முதலில் உள்ள ஃபைல்கள் கெட்டிருக்கும், மற்றவை பெரும்பாலும் வந்துவிடும்.

தனித்தனி ஜேபெக்தான் கஷ்டம். தலைப்பகுதி மொத்தமும் அந்த 150 கேபிக்குள் போய்விடுகிறது. ஆகவே போட்டோவுக்கு டிஸ்க்கை விடுங்கள், கேமராவைப் பாருங்கள். மெமரி கார்டுகளைக் காப்பி எடுத்ததும் கேமராவிலேயே ஃபார்மேட் அடிப்பீர்கள்தானே? அது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கிறது. மேலே புதிதாக எடுக்காதவரை படங்கள் கார்டிலேயே இருக்க நிறைய வாய்ப்பு. அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற நிரல் இலவசம், அதை ஓட்டுங்கள். எல்லாக் கார்டையும் இந்த நிமிடமே பையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள், இந்த வாரம் வேலை இருந்தால் புதுக் கார்டு வாங்குங்கள்.

ஆல்பம் அச்சடிக்க லேபுக்கு அனுப்பிய ஷீட்டுகள் அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும். இன்றே போன் செய்து அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒன்றில் வந்தால் மற்றதற்கும் தாவுமா?

பழைய அட்மின்:

2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் தானாகவே தாவியது. விண்டோஸின் ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டை அதற்கு வழி. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. ஸ்டாப் அப்படித் தாவாது. ஆனால் ஷேர் செய்த டிரைவ் திறந்திருந்தால் அதிலுள்ளதையும் பூட்டும். ஆபீஸ்களுக்குப் பெரும்பாலும் வருவது வேறு குடும்பங்கள், ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) எளிய பாஸ்வேர்டோடு இணையத்துக்குத் திறந்துவைத்த இடங்களில் திருடனே இணையம் வழியாக நுழைந்து ரான்சம்வேரை ஓட்டுவான். உங்களுடையது திறந்திருந்தால் இன்றே மூடுங்கள்.

முகூர்த்தநாள், உங்களுக்கு ஒரு முக்கியமான வேலை பாக்கி. இந்தக் கிராக்குகளோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்தே வருவது வழக்கம். விடார், ரெட்லைன் போன்றவை. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு எல்லாம் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெயில், பேங்க், ஸ்டுடியோவின் இன்ஸ்டா பக்கம் எல்லாவற்றையும் வேறு போனிலிருந்து மாற்றி, ஏற்கெனவே உள்நுழைந்த இடங்களிலிருந்து வெளியேறுங்கள். போட்டோ போன துக்கத்தில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து இன்ஸ்டா பக்கமும் கைவிட்டுப் போன பிறகு வந்து கேட்கிறார்கள்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து சொல்லி, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதியுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டவும் அந்த நகல் உதவும்.

முகூர்த்தநாள்:

எல்லாருக்கும் நன்றி. பாஸ்வேர்டுகளை மாற்றினோம், புகாரும் கொடுத்தாயிற்று. ஒரு கல்யாணத்தின் கார்டுகள் தொடாமல் இருந்தன, ஃபோட்டோரெக்கில் அநேகமாக முழுவதும் வந்துவிட்டது. பெயர் எல்லாம் மாறிவிட்டது, தம்பி உட்கார்ந்து நேரப்படி அடுக்குகிறான். இன்னொரு வீட்டுக்கு லேபில் ஆல்பம் ஷீட் இருக்கிறது. வீடியோக்களில் மாங்கல்யதாரணம் வந்துவிட்டது, சத்தத்தோடு. மூன்றாவது வீட்டு ரிசப்ஷன் போட்டோக்கள்தான் வரவில்லை, அந்தக் கார்டில் வேறு வேலை எடுத்துவிட்டோம். வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லப் போகிறோம்.

ஒரு கடை 25,000 ரூபாய்க்கு நூறு சதவீதம் திறந்து தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா? பழைய டிஸ்க்கை இனி வைத்திருப்பதில் பயன் உண்டா?

வட்டு வைத்தியர்:

கடைக்குக் கொடுக்க வேண்டாம். ஆன்லைன் ஐடிக்கு அவர்களிடமும் சாவி கிடையாது. உங்கள் பணத்தில் அவர்கள் ஃபைலைப் பூட்டிய ஆளுக்கே மெயில் போட்டுப் பேரம் பேசுவார்கள், இல்லாவிட்டால் நான் சொன்ன இதே நிரலை ஓட்டுவார்கள்.

டிஸ்க்கைக் கட்டாயம் வையுங்கள். புது எஸ்எஸ்டி போட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள், பழையதைக் கழற்றி பீரோவில் வையுங்கள், ரீட்மீ கடிதமும் பர்சனல்ஐடி ஃபைலும் அதோடே இருக்கட்டும். கிரிப்டோலாக்கர் என்ற பழைய ரான்சம்வேர் கும்பலை 2014ல் முடக்கியபோது சாவிகள் கிடைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற இன்னொன்றை ஓட்டியவர்கள் 2016 மே மாதம் தாங்களாகவே எல்லாவற்றையும் திறக்கும் மூலச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடையை மூடினார்கள். இதற்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. நடந்தால் டிஸ்க்கை வைத்திருப்பவருக்குத்தான் திறக்கும்.

மூன்றாவது வீட்டு ரிசப்ஷனுக்கு: முன்னோட்டமாக வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு ஏதாவது அனுப்பினீர்களா? எல்இடி திரைக்காரர் நேரடி ஒளிபரப்பைப் பதிவு செய்திருப்பார், அவரையும் கேளுங்கள். போட்டோ இல்லாவிட்டாலும் வீடியோவிலிருந்து ஃப்ரேம் எடுத்துச் சின்ன அளவில் ஆல்பம் போடலாம்.

முகூர்த்தநாள்:

எல்இடிக்காரரை மறந்தே போனேன். இப்போதே போன் செய்கிறேன்.