திட்டு யார்மேல் விழுகிறது? கால்நடை மருத்துவத் துறையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

செல்லப்பிராணி மருத்துவர், கோவை

எங்கள் கிளினிக்கில் திட்டு வாங்குவது பெரும்பாலும் நான் இல்லை, முன்னால் உட்கார்ந்து டோக்கன் போடும் பெண்தான். ஒரு ராத்திரி மூன்று மாத நாய்க்குட்டியோடு ஒருவர் வந்தார். வாந்தி, ரத்தப் பேதி. நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் அவரைப் பக்கத்து வாசல் வழியாக வரச் சொன்னாள் அந்தப் பெண். "என் குட்டியை ஒதுக்கி வைக்கிறியா? காசு பிடுங்கத்தானே கடை போட்டிருக்கீங்க" என்று ஆரம்பித்தவர், இங்கே எழுத முடியாத வார்த்தைக்குப் போய்விட்டார்.

நான் வெளியே வந்து, "சார், அவ சொன்னது நான் சொல்லிக் கொடுத்தது. கோபத்தை என்கிட்ட காட்டுங்க. முதல்ல குட்டிக்கு ட்ரிப்ஸ் ஏத்தணும், வாங்க" என்றேன். உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வைரஸைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. நீர்ச்சத்து வற்றாமல் காப்பாற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று சேராமல் பார்த்துக்கொண்டால் பிழைக்க வாய்ப்புண்டு. செலவு இவ்வளவு ஆகலாம் என்பதையும் அப்போதே சொன்னேன். தடுப்பூசி போட்டீர்களா என்று ஒரு தடவைதான் கேட்டேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டிய ஊசி அது. இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மேல் அதைக் குத்திக் காட்டவில்லை. அவருடைய கத்தலில் பாதி அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

குட்டி பிழைக்கவில்லை. அவர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அதன் பிறகு ஒன்றை உறுதியாக வைத்திருக்கிறோம். உயிர் போகிற நிலையில் வரும் பிராணிக்கு யார் கத்தினாலும் வைத்தியம் நடக்கும். ஆனால் ஊழியரைக் கெட்ட வார்த்தை பேசியவருக்கு, என்னிடம் வந்து பேசி முடிக்காமல் அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடையாது.

கால்நடை உதவி மருத்துவர், அரசு மருந்தகம்

கிராமத்தில் கூட்டம்தான் பிரச்சினை. கன்று ஈன்ற மறுநாள் ஒரு கறவை மாடு தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டது. பால் காய்ச்சல், அதாவது ஈன்ற மாட்டின் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. 450 மி.லி. கால்சியம் பாட்டிலை நரம்பில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். "எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க, சட்டுனு ஏத்துங்க" என்று பாட்டிலைப் பிடித்திருந்த உதவியாளர் அண்ணனை ஒருவர் தள்ளவே செய்தார். நான் மாட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிட்டு, "இந்தத் துடிப்பு மாறுதான்னு பார்த்துக்கிட்டேதான் ஏத்தறோம்மா" என்றேன். அப்புறம் அந்தம்மாவே கூட்டத்தை அதட்டி நகர்த்தினார்.

கிளினிக் உதவியாளர், மதுரை

மேலே இருவரும் வெளியாட்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வலித்தது உள்ளேயிருந்து வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில், நாய் திமிறினால் டாக்டர் ஓனர் முன்னாலேயே என்னைக் கத்துவார். அப்படிக் கத்தினால் நாய் இன்னும் மிரளும், கடி வாங்குவதும் நான்தான். ஒருநாள் வேலை முடிந்த பிறகு, "சார், வாய்க்கட்டு போடாம பிடிக்கச் சொல்லாதீங்க. தப்பு இருந்தா உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றேன். முதலில் முகம் சுருங்கியது. மறுவாரம் மூன்று அளவில் வாய்க்கட்டு வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். கத்துவது குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.