கல்லில் செதுக்கிய வருஷத்தை நம்பலாமா? (லான்காஸ்டர் கவுண்டி, பென்சில்வேனியா)

சோளக்காடு:
லான்காஸ்டர் பக்கம் ஹான்ஸ் ஹெர் வீட்டைப் பார்த்தோம். வாசலுக்கு மேலுள்ள கல்லில் 1719, நடுவே சி.எச். என்று எழுத்து. ஹான்ஸ் என்றால் அது பொருந்தவில்லையே? அந்த ஊர்ப் பழைய வீடுகளின் வயதை இந்தக் கல்லை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

பழங்கணக்கு:
அதைக் கட்டியவர் ஹான்ஸின் மகன் கிறிஸ்டியன் ஹெர், அது அவர் பெயரின் எழுத்து. அப்பா மூத்த மதபோதகர், வீடு அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் மதத்தின் பேரால் விரட்டப்பட்ட மென்னோனைட்டுகள் (ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), ஜெர்மனியின் பாலட்டினேட் வழியாக 1710-ல் இங்கே வந்து பத்தாயிரம் ஏக்கர் வாங்கினார்கள். தொழுகையும் இந்த வீட்டிலேயே நடந்தது. இந்த மாதிரி ஜெர்மானிய வீடுகளில் கூடத்து இரும்பு அடுப்புக்குச் சமையலறைப் பக்கமிருந்தே தீ போடுவார்கள், அதனால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் புகை ஏறாது. எனக்கு அந்த வீட்டில் பிடித்ததே இந்த யோசனைதான்.

ரெட்டைத்திண்ணை:
கல்லை மட்டும் நம்பாதீர்கள், பின்னால் வந்தவர்களும் வருஷம் செதுக்கலாம். உத்திரத்து மரத்தின் வளையங்களை, வருஷம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டு, அது எப்போது வெட்டப்பட்டது என்று பார்ப்பது இன்னும் உறுதி. நியூயார்க்கின் நியூ பால்ட்ஸில் ஜான் ஹாஸ்ப்ரூக் வீடு அப்படித்தான் 1721 என்று தெரிந்தது, அதற்குமுன் இன்னும் பழையது என்றே சொல்லிவந்தார்கள். அப்புறம் 1798 வரிப் பதிவேடு இருக்கிறது, வீட்டின் அளவு, கல்லா மரமா, எத்தனை ஜன்னல் என்றெல்லாம் குறித்திருப்பார்கள். அதைப் புரட்டினால் அன்றைக்கு லான்காஸ்டர் பக்கம் மரக்கட்டை வீடுகள்தான் அதிகம் என்பது புரியும், கல்வீடு அழியாமல் நின்றதால் நாம் அதையே ஊராக நினைத்துக்கொள்கிறோம்.

கரிசல்:
"முதல் வீடு" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். கொனெஸ்டோகா என்ற பூர்வகுடி மக்கள் அதற்குமுன்பே அங்கே குடியிருந்தவர்கள். 1763 டிசம்பர் 14 அன்று பாக்ஸ்டன் பாய்ஸ் என்ற வெள்ளையர் கும்பல் அவர்களில் ஆறு பேரைக் கொன்றது, மிச்சமிருந்த 14 பேரைப் பாதுகாப்புக்கென்று லான்காஸ்டர் ஊருக்குள் அடைத்து வைத்தார்கள், 27-ம் தேதி அங்கேயும் புகுந்து, குழந்தைகளைக்கூட விடாமல் கொன்றுபோட்டது. அதே ஹெர் வளாகத்தில் 2013-ல் பூர்வகுடிகளின் நீள்வீடு ஒன்றை மாதிரியாகக் கட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா?

சோளக்காடு:
பார்த்தேன், மரப்பட்டை போர்த்திய நீளமான வீடு. சரி, நிலப் பத்திரங்களை எங்கே தேடுவது?

பழங்கணக்கு:
1729-க்கு முன் லான்காஸ்டர் கவுண்டியே கிடையாது, செஸ்டரிலிருந்து பிரிந்தது. முதல் வருஷங்களுக்குச் செஸ்டர் கவுண்டி ஆவணங்களையும் மாகாண ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள்.